லிட்ங்கற வெப் லைப்ரரிய ரெண்டு வருஷம் யூஸ் பண்ணிப் பாத்தாச்சு: ஒரு ரூபாய் ரசீதுல ஆரம்பிச்ச கதை

ஒன்னேகால் லட்சம் ஸ்கூல் ஃபீஸ் கட்டுன ஒரு அப்பாவுக்கு வெறும் ஒரு ரூபாய்க்கு ரசீது அடிச்சுக் குடுத்துச்சு எங்க சாஃப்ட்வேர். அந்த மனுஷன் நல்லவரு, சிரிச்சுக்கிட்டே "அப்ப மீதி காச திருப்பிக் குடுத்துருங்க"ன்னு கேட்டாராம். எங்க ஆபீஸ்ல யாருக்கும் சிரிப்பு வரல.

நடந்தது இவ்வளவுதான். கவுண்டர்ல 1,25,000ன்னு கமா போட்டு டைப் பண்ணிருக்காங்க. அந்த ஸ்க்ரீன எழுதுனவரு ஜாவாஸ்கிரிப்ட்ல, டைப் பண்ண எழுத்த எண்ணா மாத்துற பார்ஸ்இன்ட் போட்டு வெச்சிருந்தாரு. பார்ஸ்இன்ட் முத கமாவப் பாத்த உடனே வண்டிய நிறுத்திரும், அதுக்கு முன்னாடி இருக்குற 1 மட்டும்தான் கையில வரும். இதுல கொடுமை என்னன்னா இதே பிரச்சனைய இன்னொரு டீம் அவங்க ஸ்க்ரீன்ல ஒரு வருஷம் முன்னாடியே சரி பண்ணிட்டாங்க. இந்த ஸ்க்ரீனுக்கு அது வந்து சேரவே இல்ல, எப்படி வரும், அது ரியாக்ட்ங்கற ஃபிரேம்வொர்க்ல, அதாவது ஸ்க்ரீன் கட்டற ரெடிமேட் சட்டகத்துல இருக்கு, இது பழைய பிஎச்பி பக்கம்.

எங்க கம்பெனி சின்னது, கோயம்புத்தூர்ல இருக்கு, ஸ்கூல்களுக்கு ஃபீஸ் சாஃப்ட்வேர் பண்றோம். ஃபீஸ் கவுண்டர் ஸ்க்ரீன் 2016ல எழுதுன பிஎச்பியும் ஜேக்வெரியும், பேரன்ட்ஸ் போர்ட்டல் ரியாக்ட், டீச்சர்ஸுக்கானது ஆங்குலர், அட்மின் பக்கம் வ்யூ. ஏன் இப்படின்னு கேக்காதீங்க, ஆள் மாற மாற ஃபிரேம்வொர்க்கும் மாறிருச்சு, இது எல்லா ஆபீஸ்லயும் இருக்குற கதைதான். ஆக தொகை டைப் பண்ற ஒரே ஒரு பெட்டி நாலு தடவை நாலு பேரால நாலு விதமா எழுதப்பட்டிருந்துச்சு. ஒன்னு 1,25,000ன்னு காட்டும், இன்னொன்னு 125,000ன்னு வெள்ளக்காரன் கணக்குல காட்டும், ஒன்னு கமாவே போடாது, இன்னொன்னு மேல சொன்ன ஒரு ரூபாய் புண்ணியவான்.

வீட்ல குக்கர் கேஸ்கெட் வாங்கப் போயிருக்கீங்களா? அஞ்சு லிட்டர்னு சொல்லி வாங்கிட்டு வருவோம், வேற கம்பெனி குக்கர்னா உக்காராது, ஓரத்துல புஸ்ஸுன்னு ஆவி போகும். பாக்க ஒரே வட்டம்தான், ஒரே ரப்பர்தான். ஃபிரேம்வொர்க் காம்பொனென்ட், அதாவது பட்டன், பெட்டி மாதிரி ஸ்க்ரீன் துண்டு எல்லாம் அந்த கேஸ்கெட் மாதிரிதான். ஆங்குலர் டேட் பிக்கர் ரியாக்ட்ல உக்காராது, வ்யூ பட்டன் பிஎச்பி பக்கத்துல உக்காராது. எல்லா குக்கர்லயும் உக்காருற கேஸ்கெட் வேணும்னு தேடிப் போனதுலதான் வெப் காம்பொனென்ட்டும் அது மூலமா லிட்டும் வந்துச்சு. ரெண்டு வருஷம் தினமும் கூடவே இருந்தாச்சு, அதான் இந்த ரிவ்யூ.

தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடுறேன். வெப் காம்பொனென்ட்ங்கறது ஒரு லைப்ரரி இல்ல, பிரவுசருக்குள்ளயே இருக்குற வசதி. நீங்களே ஒரு புது எச்டிஎம்எல் டேக் உருவாக்கிக்கலாம், அது கஸ்டம் எலிமென்ட். அதுக்குள்ள இருக்குற எச்டிஎம்எல்லயும் ஸ்டைலயும் வெளிய இருக்குறது தொடாத மாதிரி ஒரு சுவர் கட்டிக்கலாம், அது ஷேடோ டாம். டெம்ப்ளேட், ஸ்லாட்னு கூட ரெண்டு மூணு இருக்கு. பிரவுசர்லயே இருக்கறதால எந்த ஃபிரேம்வொர்க் பக்கத்துல வெச்சாலும் அது ஒரு டிவ் மாதிரி, ஒரு வீடியோ டேக் மாதிரி பாட்டுக்கு உக்காந்துக்கும். இத வெறும் கையால எழுதலாம், ஆனா ஒவ்வொரு தடவையும் அதே இருபது வரிய எழுதணும், வேல்யூ மாறும்போதெல்லாம் ஸ்க்ரீன நாமளே மாத்தணும், கை வலிக்கும். அந்த வேலைய எடுத்துக்குற குட்டி லைப்ரரிதான் லிட். கூகுள்ல ஆரம்பிச்சது, ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது, சுருக்கி அனுப்புனா சுமார் 5 கேபிதான்.

நான் ஆரம்பத்துல இத நம்பவே இல்ல, அதுக்கு காரணம் இருக்கு. இந்த வெப் காம்பொனென்ட் ஐடியாவ கூகுள்ல குரோம் டீம்ல இருந்த அலெக்ஸ் ரஸ்ஸல் ஒரு கான்ஃபரன்ஸ்ல 2011லயே பேசிட்டாரு. 2013ல கூகுள் வெப் காம்பொனென்ட் எழுதறதுக்குன்னு பாலிமர்னு ஒரு லைப்ரரிய இறக்குச்சு, 2015ல பாலிமர் 1.0, 2017ல 2.0, 2018ல 3.0, ஒவ்வொரு தடவையும் வீட்ட இடிச்சு கட்டுற மாதிரி மாத்துனாங்க. ஒரு எச்டிஎம்எல் ஃபைலுக்குள்ள இன்னொன்ன இழுக்குற எச்டிஎம்எல் இம்போர்ட்ஸ்னு ஒன்னு கூடவே வந்துச்சு, மொஸில்லா எங்களுக்கு வேணாம்னு சொல்லிட்டாங்க, கடைசில குரோமே அதத் தூக்கிப் போட்டுச்சு. முத வெர்ஷன் கஸ்டம் எலிமென்ட், முத வெர்ஷன் ஷேடோ டாம் எல்லாமே 2020ல குரோம் 80ல காலி. யூடியூப் 2017ல பாலிமருக்கு மாறுனப்ப அந்தப் பழைய ஷேடோ டாம நம்பி எழுதுனாங்க, அது குரோம்ல மட்டும்தான் இருந்துச்சு, மத்த பிரவுசர்ல போலியா ஒரு கோட வெச்சு ஓட்ட வேண்டியதாப் போச்சு, ஃபயர்ஃபாக்ஸ்ல யூடியூப் ஏன் இவ்வளவு ஸ்லோன்னு ஜனங்க அப்ப கழுவி ஊத்துனது ஞாபகம் இருக்கலாம். இவ்வளவும் பாத்தவனுக்கு "வெப்போட எதிர்காலம் இதுதான்"னு யாராச்சும் சொன்னா பத்து வருஷமா இதேதானய்யா சொல்றீங்கன்னுதான் தோணும்.

ஆனா நடுவுல ஒரு நல்லது நடந்திருக்கு, அத நான் கவனிக்கல. ரெண்டாவது வெர்ஷன் ஸ்பெக்க, அதாவது பிரவுசர் எப்படி நடந்துக்கணும்ங்கற விதிமுறைய, எல்லா பிரவுசர்காரங்களும் ஒன்னா உக்காந்து பேசி முடிச்சிருக்காங்க. குரோம், சஃபாரி 2016, 17ல, ஃபயர்ஃபாக்ஸ் 2018 அக்டோபர்ல வந்த 63ல, எட்ஜ் 2020 ஜனவரில குரோமியத்துக்கு மாறுனப்ப. அதுக்கப்புறம் அது உடையவே இல்ல. அந்த ஸ்பெக்க நம்பி அன்னிக்கு எழுதுன எலிமென்ட் இன்னிக்கும் ஓடுது. நான் அஞ்சு வருஷம் முன்னாடி எழுதுன ரியாக்ட் புராஜெக்ட்ட இப்ப எடுத்து என்பிஎம் இன்ஸ்டால் போட்டா, அதாவது அதுக்கு வேணுங்கற லைப்ரரி எல்லாத்தையும் இறக்கப் பாத்தா, எரர் மழைதான்.

சரி லிட்டுக்கு வரேன். முத நாளே எனக்குப் பிடிச்சது என்னன்னா பில்டு, அதாவது எழுதுன கோட பிரவுசருக்கு ஏத்த மாதிரி மாத்திக் கட்டுற வேலை, எதுவும் வேணாம். அந்த 2016 பிஎச்பி பக்கத்துல வெப்பேக், வீட் (Vite) மாதிரி பில்டு டூல் எதுவும் கிடையாது, எஃப்டிபில ஃபைல தூக்கிப் போட்டா அதான் டிப்ளாய்மென்ட். அதுல ஒரே ஒரு ஸ்கிரிப்ட் டேக், லிட்ட ஒரே ஃபைலா குடுக்குறாங்க, அத இம்போர்ட் பண்ணி தொகைப் பெட்டிய எழுதி பக்கத்துல டேக்க வெச்சேன், மத்தியான சாப்பாட்டுக்குள்ள ஓடிருச்சு. அந்தப் பக்கத்துல புதுசா ஒன்னு முத தடவையே ஓடுனதா எனக்குத் தெரிஞ்சு சரித்திரம் இல்ல.

எழுதறதும் சுகமாத்தான் இருக்கு. பேக்டிக்ங்கற சாஞ்ச மேற்கோள் குறிக்குள்ள சாதாரண எச்டிஎம்எல் எழுதுறீங்க, ப்ராப்பர்ட்டின்னா முன்னாடி ஒரு புள்ளி, ஈவென்ட்னா அட் குறி, இருக்கு இல்லன்னு ரெண்டே நிலை உள்ள அட்ரிபியூட்னா கேள்விக்குறி. அவ்வளவுதான் சிலபஸ். ஸ்க்ரீனோட நகல மெமரில வெச்சு ஒப்பிட்டுப் பாக்குற வர்ச்சுவல் டாம் உள்ள கிடையாது. டெம்ப்ளேட்ட ஒரு தடவைதான் படிக்கும், அப்புறம் மாறுற இடம் எதுன்னு குறிச்சு வெச்சுக்கிட்டு அந்த இடத்த மட்டும் மாத்தும். பத்து ப்ராப்பர்ட்டி ஒரே நேரத்துல மாறுனாலும் சேத்து வெச்சு ஒரே தடவைதான் ஸ்க்ரீன மாத்தும். புதுசா சேந்த பசங்களுக்கு ஒரு மதியத்துல சொல்லிக் குடுத்துட்டேன், ரியாக்ட்ல யூஸ்எஃபெக்ட்ங்கற ஃபங்ஷன் ஏன் ரெண்டு தடவை ஓடுதுன்னு வெளக்கறதுக்கே எனக்கு ஒரு நாள் ஆகும்.

பிடிக்காததும் அதே இடத்துலதான். அந்த பேக்டிக்குக்குள்ள இருக்குறது கோட்ல தப்ப முன்கூட்டியே புடிக்கிற டைப்ஸ்கிரிப்ட்ட பொறுத்தவரைக்கும் வெறும் ஸ்ட்ரிங், அதாவது சாதாரண எழுத்து வரிசை. ப்ராப்பர்ட்டி பேர தப்பா அடிச்சா ஒரு சத்தமும் வராது, ரியாக்ட்டோட ஜேஎஸ்எக்ஸ்னா உடனே சிவப்புக் கோடு போடும். விஎஸ்கோட் எடிட்டர்ல அதுக்குன்னு ப்ளகின் இருக்கு, போட்டுக்கிட்டா ஓரளவு புடிச்சுக் குடுக்கும். இன்னொன்னு, அரேல, அதாவது லிஸ்ட்ல, புதுசா ஒன்ன புஷ் பண்ணிட்டு ஸ்க்ரீன் மாறலையேன்னு முத வாரம் எல்லாருமே முழிப்பீங்க, அரே அதேதான்னு லிட் கண்டுக்காம போயிரும், புது அரே குடுக்கணும்.

இப்ப முக்கியமான கதை. பெட்டி அழகா வந்துருச்சு, 125000னு அடிச்சா தானா 1,25,000ன்னு மாறுது, கமா போடற வேலைய பிரவுசரே பாத்துக்குது, இன்டல்னு ஒன்னு இருக்கு, இந்தியா லொக்கேல் குடுத்தா லட்சக் கணக்குல கமா வெக்கும். சந்தோஷமா ஒரு ஸ்கூல்ல லைவ் பண்ணோம். பத்தரை மணிக்கு ஃபோன். அந்த ஸ்கூல்ல பத்து பன்னெண்டு வருஷமா கவுண்டர்ல இருக்குற அக்கா. மவுஸ தொடவே மாட்டாங்க, டேப், டேப், தொகை, என்டர், ரசீது, அடுத்த ஆளு. அவங்க வேகத்துக்கு நம்ம கண்ணு ஈடு குடுக்காது.

"ஏனுங் தம்பி, என்டர் தட்டுனா போகவே மாட்டேங்குதுங்க. வரிசைல நாப்பது பேரு நிக்கறாங்க."

விஷயம் என்னன்னா ஷேடோ டாம்ங்கற சுவருக்குள்ள இருக்குற இன்புட்டுக்கு வெளிய இருக்குற ஃபார்ம் தன்னோடதுன்னே தெரியாது. அதனால என்டர் தட்டுனா ஃபார்ம் சப்மிட் ஆகாது. என்டர் மட்டும் இல்ல, பட்டன அமுக்கி சப்மிட் பண்ணாலும் அந்த தொகை சர்வருக்குப் போகாது, டெஸ்ட்டிங்லயே அது மாட்டுச்சு, அத சரி பண்ணிட்டுதான் லைவ் போனோம். அதுக்கு எலிமென்ட்இன்டர்னல்ஸ்னு ஒரு வசதி இருக்கு, நானும் ஒரு ஃபார்ம் ஐட்டம்தான்னு எலிமென்ட்ட சொல்ல வெச்சு வேல்யூவ நாமளே ஃபார்ம்கிட்ட குடுக்கணும். ஆனா என்டர் கீய யாரும் டெஸ்ட் பண்ணல, நாங்க எல்லாரும் மவுஸ் கோஷ்டி. கீ அமுங்குறத நாமளே கேட்டு, என்டர்னா வெளிய இருக்குற ஃபார்ம நாமளே சப்மிட் பண்ணச் சொல்லணும், அஞ்சு வரி கோடு. அந்த அஞ்சு வரிக்காக நாப்பது பேர் வெயில்ல நின்னாங்க.

சாதாரண இன்புட் டேக்குக்கு பிரவுசர் ஓசில குடுக்குற நூறு விஷயத்த நீங்க திரும்ப ஒவ்வொன்னா கட்டணும், இத யாரும் ஆரம்பத்துல சொல்றதில்ல. என்டர், ஃபார்ம் ரீசெட், டிஸேபிள்டு, தப்பா அடிச்சா வர்ற எச்சரிக்கை, பேக் அடிச்சு வந்தா பழைய வேல்யூ திரும்ப வர்றது, எல்லாம். இதுக்கு ஒரு குறுக்கு வழி ஸ்பெக்லயே இருந்துச்சு, புது டேக் உருவாக்காம இருக்குற இன்புட்டையே எடுத்து அதுமேல நம்ம வேலைய ஒட்டிக்கலாம்னு. அப்படி இருந்தா என்டர் பிரச்சனையே வந்திருக்காது. குரோம்லயும் ஃபயர்ஃபாக்ஸ்லயும் அது இருக்கு, ஆப்பிளோட வெப்கிட் ஆளுங்க மட்டும் அத பண்ணவே மாட்டோம்னு பல வருஷமா உறுதியா நிக்கறாங்க. அவங்க பக்கமும் டிசைன் ரீதியா நியாயம் இருக்கலாம், ஆனா கவுண்டர்ல நிக்கறவனுக்கு அந்த நியாயம் தெரியாது. எலிமென்ட்இன்டர்னல்ஸே சஃபாரிக்கு 16.4ல, அதாவது 2023 மார்ச்லதான் வந்துச்சு, குரோம்ல 2019லயே வந்தாச்சு. ஐஓஎஸ் 15ஓட நின்னுபோன பழைய ஐபேட் ஸ்கூல்கள்ல நெறைய இருக்கு, அதுக்கு பாலிஃபில், அதாவது இல்லாத வசதிய ஈடுகட்டுற கோடு, போட்டுதான் ஓட்டிட்டிருக்கோம்.

ஷேடோ டாமோட நல்ல பக்கத்தையும் சொல்லணும். அந்த பிஎச்பி பக்கத்தோட சிஎஸ்எஸ், அதாவது ஸ்டைல் விதிகள், ஒரு பேய் பங்களா. எல்லா இன்புட்டுக்கும் 100 சதவீத அகலம், கூடவே மத்த ஸ்டைல எல்லாம் மீறுற இம்பார்ட்டன்ட். இவ்வளவு நாளா அந்தப் பக்கத்துல என்ன புதுசா வெச்சாலும் கோணலாத்தான் நிக்கும். தொகைப் பெட்டிய மட்டும் அதால தொட முடியல. நாலு பக்கத்துலயும் ஒரே மாதிரி, ஒரே அளவு, ஒரே நிறம், இத பாக்கறப்ப வந்த நிம்மதி இருக்கே, அது கல்யாண வீட்ல கடைசிப் பந்திக்கும் பாயசம் மிஞ்சுற நிம்மதி.

அதே சுவர் தமிழுக்கு வில்லனாவும் வரும். எங்க ஸ்க்ரீன் எல்லாம் தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் வரும். தமிழ் ஃபான்ட்ட காம்பொனென்ட்டோட ஸ்டைலுக்குள்ளயே, ஃபான்ட் ஃபைல் எங்க இருக்குன்னு சொல்ற ஃபான்ட்ஃபேஸ் போட்டு வெச்சேன், எங்க போனாலும் ஃபான்ட்டும் கூடவே போகட்டும்னு. ஒன்னும் வரல. அரை நாள் தலையப் பிச்சுக்கிட்டு அப்புறம்தான் தெரிஞ்சது, ஷேடோ டாமுக்குள்ள ஃபான்ட்ஃபேஸ் எழுதுனா பிரவுசர் கண்டுக்கறதே இல்ல, பக்கத்தோட தலைலதான் எழுதணும். அங்க எழுதிட்டா உள்ள பேர சொல்லிக் கூப்பிடலாம். இது கேஸ்கெட் வாங்கும்போது கூடவே ரெண்டு நட்டு தனியா வாங்கிக்கோன்னு சொல்ற மாதிரி.

இதவிட பெரிய அடி, நாங்க லிட்ல எழுதறதுக்கு முன்னாடி காசு குடுத்து ஒரு ரெடிமேட் காம்பொனென்ட் செட் வாங்குனோம், பேரு வேணாம். பட்டன் உயரம் 32 பிக்ஸல், அதுக்கு மேல வழியறத வெட்டுற மாதிரி எழுதிருந்தாங்க. சேவ், சப்மிட்னு இங்கிலீஷ்ல ஜோரா இருக்கும். சமர்ப்பிக்கவும்னு போட்டா அகலத்துல முட்டும், கூடுதல் கட்டணம்னு போட்டா கூவோட வால் கீழ வெட்டுப்படும், மீதித் தொகைன்னு போட்டா மீயோட சுழி மேல வெட்டுப்படும். சரி நாமளே ஸ்டைல மாத்திக்கலாம்னா ஷேடோ டாமுக்குள்ள இருக்கு. வெளியிலிருந்து மாத்த ரெண்டு கதவு உண்டு, சிஎஸ்எஸ் வேரியபிள், பார்ட்னு ஒரு செலக்டர். அவங்க ரெண்டையும் திறந்து வெக்கல. சப்போர்ட்டுக்கு மெயில் போட்டா அடுத்த வெர்ஷன்ல பாக்கறோம்னாங்க. மூணு மாசம் "சமர்ப்பிக்கவும்"ங்கறத "அனுப்பு"ன்னு மாத்தி வெச்சு ஓட்டுனோம். யாரோ எழுதுன வெப் காம்பொனென்ட் வாங்கப் போறீங்கன்னா முதல்ல அதுல தமிழ்ல நாலு நீளமான வார்த்தைய போட்டுப் பாருங்க, அப்புறம் காசக் குடுங்க.

எல்லா ஃபிரேம்வொர்க்லயும் உக்காருதாங்கறதுதான இந்த ரிவ்யூவோட மெயின் மேட்டர். வ்யூல உக்காந்துச்சு, இந்த டேக் உன்னுது இல்லன்னு கம்பைலருக்கு ஒரு வரி சொல்லணும். ஆங்குலர்லயும் ஸ்கீமான்னு ஒரு வரி சேக்கணும், அவ்வளவுதான். பிஎச்பில சொன்னேன்ல, சொர்க்கம். ரியாக்ட்தான் படுத்தி எடுத்துச்சு. நாங்க ஆரம்பிச்சப்ப ரியாக்ட் 18. அது கஸ்டம் எலிமென்ட்டுக்கு எது குடுத்தாலும் ஸ்ட்ரிங்கா மாத்தி அட்ரிபியூட்லதான் வெக்கும். தொகைப் பெட்டிக்குப் பக்கத்துல ஃபீஸ் வகை செலக்ட் பண்ற ஒரு லிஸ்ட் இருக்கு, டெர்ம் ஃபீஸ், வேன் ஃபீஸ், புக் ஃபீஸ்னு. அந்த அரேய ரியாக்ட்லேந்து அனுப்புனா ஸ்க்ரீன்ல "ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்"னு நாலு தடவை வந்து நின்னுச்சு. ஈவென்ட்டும் கேக்காது, ரெஃப் எடுத்து கையால லிஸனர் மாட்டணும். லிட்காரங்களே ரியாக்ட்டுக்குன்னு ஒரு ராப்பர், அதாவது மேல மாட்டுற உறை, தர்றாங்க, அது வேலை செய்யுது, ஆனா ஒவ்வொரு காம்பொனென்ட்டுக்கும் ஒரு ராப்பர் ஃபைலு, எல்லா இடத்துலயும் உக்காருற கேஸ்கெட்டுக்கு அடியில இன்னொரு கேஸ்கெட். 2024 டிசம்பர்ல ரியாக்ட் 19 வந்த பிறகுதான் இது தீந்துச்சு. ப்ராப்பர்ட்டி இருந்தா ப்ராப்பர்ட்டியாவே வெக்குது, ஈவென்ட் கேக்குது. பல வருஷமா மத்தவங்க கேட்டுட்டே இருந்தது. நாங்க அப்கிரேட் பண்ணின அன்னிக்கு ராப்பர் ஃபோல்டர முழுசா டெலீட் பண்ணேன், அந்த கமிட்டுக்கு எங்க லீடு ரிவ்யூ கமெண்ட்ல வெறும் கும்பிடு எமோஜி போட்டாரு.

கண்ணு தெரியாதவங்களுக்கு ஸ்க்ரீனப் படிச்சுச் சொல்ற ஸ்க்ரீன் ரீடர் விஷயத்துல நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன். எங்க டெஸ்ட்டிங்ல என்விடிஏங்கற ஸ்க்ரீன் ரீடர வெச்சு ஒரு தடவை எல்லா ஸ்க்ரீனையும் கேட்டுப் பாத்தாங்க. வெளிய "கட்ட வேண்டிய தொகை"ன்னு லேபிள் பளிச்சுன்னு இருக்கு, அது சத்தமா "எடிட்"னு மட்டும் சொல்லுது. எந்தப் பெட்டின்னு கேக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? லேபிளோட ஐடிய வெச்சு உள்ள இருக்குற இன்புட்ட இணைக்கலாம்னா ஐடி அந்த சுவரத் தாண்டாது. இதுக்கு ஸ்பெக்ல வேலை நடந்துட்டிருக்கு, இன்னிக்கு நம்பி கைய வெக்கற மாதிரி இல்ல. நாங்க லேபிளையும் பெட்டிக்குள்ளயே தூக்கி வெச்சுட்டோம். வேலை செய்யுது, ஆனா டிசைனர் லேபிள இடதுபக்கம் வைன்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் எனக்கு பிபி ஏறும்.

ரெண்டு வெர்ஷன் மோதற கதையும் உண்டு, சீக்கிரம் சொல்லிடுறேன். ஒரு பக்கத்துல ஒரு டேக் பேர ஒரு தடவைதான் பதிவு பண்ண முடியும். போர்ட்டலுக்குள்ள இன்னொரு டீமோட விட்ஜெட்ட இழுத்தோம், அவங்க பழைய வெர்ஷன் தொகைப் பெட்டிய உள்ள வெச்சிருந்தாங்க, ரெண்டாவதா பதிவு பண்ண வந்தது எரர் அடிச்சு முழு விட்ஜெட்டும் வெள்ளையாப் போச்சு. தனித்தனி ரெஜிஸ்ட்ரி வெச்சுக்குற வசதி வந்துட்டிருக்கு, எல்லா பிரவுசர்லயும் ஒரே மாதிரி ஆகுற வரைக்கும் பதிவு பண்றதுக்கு முன்னாடி ஏற்கனவே இருக்கான்னு ஒரு இஃப் போட்டுக்கோங்க.

ஒரு சின்ன சந்தோஷம். டேக் பேரு தமிழ்லயும் இருக்கலாம் தெரியுமா? ரூல் என்னன்னா முத எழுத்து இங்கிலீஷ் சின்ன எழுத்தா இருக்கணும், நடுவுல ஒரு ஹைஃபன் இருக்கணும், மத்த எழுத்து தமிழா இருந்தா பிரவுசர் ஏத்துக்கும். எக்ஸ் போட்டு ஹைஃபன் போட்டு "ரூபாய்"னு ஒரு டேக் எழுதி ஓட விட்டேன், ஓடிச்சு, துணைக்கால் புள்ளி எல்லாம் சேத்து. லீடு எட்டிப் பாத்துட்டு "வெளையாட்டுக்கு வெச்சுக்கோ, கமிட் பண்ணித் தொலைச்சிராத"ன்னாரு. முத எழுத்தும் தமிழா இருந்தா இன்னும் சுகம், அது முடியாது.

இப்ப எல்லாரும் சண்டை போடற கேள்வி, வெப்போட எதிர்காலம் இதுதானா? 2024 செப்டம்பர்ல சாலிட் ஃபிரேம்வொர்க்க உருவாக்குன ரயன் கார்னியாட்டோ இது எதிர்காலமே இல்லன்னு நீளமா எழுதுனாரு, ஷூலேஸ்ங்கற காம்பொனென்ட் செட்ட உருவாக்குன கோரி லவிஸ்கா எதிர்காலம் என்ன, ஏற்கனவே வந்தாச்சேன்னு பதில் எழுதுனாரு, ஒரு வாரம் டைம்லைன் முழுக்க அதான். நான் ரெண்டு பக்கமும் படிச்சேன். எனக்குப் பட்டது, ரெண்டு பேரும் வேற வேற பொருளப் பத்தி பேசறாங்க. முழு ஆப்ப கட்டணும்னா கார்னியாட்டோ சொல்ற கோவம் புரியுது. ரவுட்டிங், டேட்டா, சர்வர்ல ரெண்டர் பண்றது எல்லாத்துலயும் லிட் கூட மல்லுக்கட்டணும். சர்வர்ல ஷேடோ டாம எச்டிஎம்எல்லாவே எழுதி அனுப்புற வசதி ஃபயர்ஃபாக்ஸுக்கு 2024 பிப்ரவரிலதான் வந்துச்சு, லிட்டோட சர்வர் ரெண்டரிங் பேக்கேஜ் நான் பாத்த வரைக்கும் லேப்ஸ்ங்கற பேர்லதான் இருக்கு, அதாவது உன் ரிஸ்க்கு. நாங்க ஒரு குட்டி அட்மின் ஆப்ப முழுசா லிட்ல எழுதிப் பாத்தோம், ரெண்டு மாசம் கழிச்சு வ்யூவுக்கே திரும்பிட்டோம், வெக்கப்பட ஒன்னும் இல்ல.

ஆனா பட்டன், பெட்டி, கேலண்டர், பாப்அப், இப்படி இலை நுனில இருக்குற ஐட்டங்களுக்கு இத விட்டா எனக்கு வேற வழி தெரியல. பெரிய ஆளுங்க யூஸ் பண்றதும் அங்கதான். கிட்ஹப்ல "3 மணி நேரம் முன்பு"ங்கற மாதிரி ஒரு நேரம் காட்டுமே அது ஒரு கஸ்டம் எலிமென்ட். ஃபயர்ஃபாக்ஸோட செட்டிங்ஸ் பக்கத்துல இருக்குற பட்டன் லிட்ல எழுதுனது. அடோபி ஃபோட்டோஷாப்ப பிரவுசருக்குள்ள கொண்டு வந்தப்ப அதோட பேனலுக்கெல்லாம் இதான். வீட்டு லைட், ஃபேன ஃபோன்லேந்தே இயக்குற ஹோம் அசிஸ்டன்ட் யூஸ் பண்றவங்க தினமும் லிட்டத்தான் தொட்டுட்டிருக்காங்க, தெரியாது அவ்வளவுதான்.

கூகுள்ல ஆரம்பிச்ச சமாச்சாரம், நாளைக்கே மூடிட்டா என்ன பண்றதுன்னு கேக்கறது நியாயமான பயம். மெட்டீரியல் வெப்னு அவங்களே லிட்ல எழுதுன செட்ட 2024ல பராமரிப்பு மட்டும்தான்னு ஓரங்கட்டிட்டாங்க, அத நம்பி இருந்தவங்க பாவம். லிட்டுக்கு அந்த பயம் எனக்கு கொஞ்சம் கம்மி, ஏன்னா நாளைக்கு லிட் நின்னாலும் எங்க டேக் பிரவுசரோட டேக், அது பாட்டுக்கு ஓடும். உள்ள இருக்குற எஞ்சின வெறும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கோ, ஸ்டென்சில்ங்கற இன்னொரு வெப் காம்பொனென்ட் டூலுக்கோ ஒவ்வொன்னா மாத்திக்கலாம், வெளிய யூஸ் பண்ற நாலு டீமுக்கும் தெரியக்கூட தெரியாது. 2.0லேந்து 3.0க்கு 2023ல மாறுனப்ப நாட்டுல பல பேரு கோட தொடவே இல்ல, எங்களுக்கும் மாத்த வேண்டியிருந்தா என்னென்ன மாத்தணும்னு பாத்தேன், பெருசா ஒன்னும் இல்ல.

மார்க்கு போடணும்னா இலை நுனி ஐட்டங்களுக்கு 5க்கு 4, முழு ஆப்புக்கு 2. அந்த ஒரு மார்க்க ஸ்க்ரீன் ரீடருக்காக வெட்டிருக்கேன், என்டர் கீக்காக இல்ல, அது எங்க தப்பு. ஒரே ஒரு ஃபிரேம்வொர்க்தான் எங்க ஆபீஸ்ல, அடுத்த அஞ்சு வருஷமும் அதான்னு இருக்குறவங்களுக்கு இது தேவையே இல்ல, சும்மா இழுத்து விட்டுக்காதீங்க. நீங்களா எழுத நேரம் இல்லன்னா ஷூலேஸ்னு ஒரு ரெடிமேட் செட் இருக்கு, அதையும் லிட்லதான் எழுதிருக்காங்க, இப்ப வெப் ஆசம்னு பேர் மாத்தி வளத்துட்டிருக்காங்க, அதுல பார்ட் கதவெல்லாம் ஒழுங்கா திறந்து வெச்சிருக்காங்க, தமிழ் வார்த்தை போட்டு வெட்டுப்படாம ஓட்ட முடிஞ்சது.

போன மாசம் அந்த கவுண்டர் அக்கா பையனோட ஃபீஸ வீட்லேந்து பேரன்ட்ஸ் போர்ட்டல்ல கட்டிருக்காங்க. மறுநாள் ஃபோன் பண்ணி, "என்னுங் தம்பி, அந்த பெட்டி ஃபோன்லயும் நம்ம கவுண்டர்ல இருக்குற மாதிரியே கமா போடுதுங்க"ன்னாங்க. அதே பெட்டிதாங்க்கான்னேன். "அப்ப தேதி பெட்டி மட்டும் ஏனுங் அங்க ஒரு மாதிரி, இங்க ஒரு மாதிரி இருக்குது"ன்னு கேட்டாங்க. அது இன்னும் நாலா தாங்க இருக்குது, அடுத்த டெர்ம்குள்ள மாத்தணும்.